ரத்தத்தில் மிதக்கும் சந்தேகங்கள்

அரசியலையும் சினிமாவையும் அடியோடு மறந்து, சித்தூர், திருப்பதி வாசகர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் தத்தம் ரத்தத்திலுள்ள கொழுப்பைப் பற்றி விசாரப்படத் தொடங்கிவிட்டார்கள் என்பது இம்முறை வந்த கடிதங்களைப் பிரித்தபோது தெரிந்தது. அடுத்த வீட்டுக்காரனுடைய கொழுப்பைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டு வந்த நம் சமூகத்தில் இது விரும்பத்தக்க முன்னேற்றம் என்று கருதி, இப்பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஐந்தாறு எண்கள் இருக்கின்றன. எதைக் கண்டு பயப்படுவது?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருப்பதி)

பதில்: பயப்படுவதற்கு ஒன்றும் வெட்கப்படுவதற்கு இரண்டும் அந்தச் சீட்டில் இருக்கின்றன. பயப்பட வேண்டியது எல்.டி.எல்.; ரத்தக் குழாயின் சுவருக்குள் நுழைந்து, வருஷக் கணக்கில் அங்கேயே குடியிருந்து, ஒரு நாள் மாரடைப்பாக வெளிப்படுவது அதுதான் என்பதில் வைத்திய நிபுணர்களிடையே இன்று பெரிய அபிப்பிராய பேதம் இல்லை. வெட்கப்பட வேண்டியவை டிரைகிளிசரைடும் எச்.டி.எல்.லும், ஏனெனில், எவ்வளவு சோற்றைக் குறைத்தோம், எத்தனை முறை நாற்காலியை விட்டு எழுந்தோம் என்று டாக்டரிடம் நாம் சொல்லும் பொய்களையெல்லாம் அவ்விரண்டும் எழுத்து மூலமாக மறுத்துவிடுகின்றன. தேவைக்கு மேல் உண்ட மாவுச்சத்தையும் சர்க்கரையையும் ஈரலானது டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அது ஏற ஏற, நல்லது என்று பெயரெடுத்த எச்.டி.எல். இறங்குகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னை டாக்டர் வி. மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் தேசம் முழுவதும் 1,13,043 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. அதன்படி, நூற்றுக்கு 81 பேரிடம் ரத்தக் கொழுப்பில் ஏதேனும் ஒரு கோளாறு உண்டு. எல்.டி.எல். உயர்ந்தவர்கள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர், டிரைகிளிசரைடு உயர்ந்தவர்கள் மூவரில் ஒருவர், எச்.டி.எல். குறைந்தவர்களோ மூவரில் இருவர். வெட்கப்பட வேண்டியவர்களே அதிகம்.

இன்னொரு சங்கதி. சீட்டில் காணும் எல்.டி.எல். பல இடங்களில் நேராக அளந்த எண் அல்ல. கணக்குப் போட்டு எடுத்த எண். மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எஞ்சுவதே எல்.டி.எல். என்று ஃபிரீட்வால்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் 1972-ல் வகுத்த சூத்திரம் அது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் சூத்திரம் செல்லாது. தலைமையாசிரியருக்குக் கழித்தல் சொல்லித்தர வேண்டியதில்லை. சீட்டை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முட்டையின் மஞ்சள் கருவை என் மருமகள் எனக்குக் கொடுப்பதில்லை, கொலஸ்டிராலாம். அவள் என்மேல் வைத்திருப்பது அக்கறையா, பகையா?
(ஒரு மாமனார், சித்தூர்)

பதில்: அக்கறைதான், ஆனால் 1913-ஆம் வருஷத்து அக்கறை. அந்த ஆண்டில்தான் ருஷ்யாவில் அனிச்கோவ் என்ற விஞ்ஞானி, கொலஸ்டிராலை எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டி, அவற்றின் ரத்தக் குழாய்கள் தடித்துப் போவதைக் கண்டார். மகத்தான ஆராய்ச்சிதான், எனினும், பிறந்தது முதல் இலை தழையன்றி வேறொன்றும் அறியாத பிராணிக்கும், பிறந்தது முதல் எதையும் விட்டுவைக்காத நமக்கும் வித்தியாசம் உண்டு. நம் தேகத்திலுள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதியை நம் உடம்பே தயாரித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து கூடுதலாக வந்தால் பெரும்பாலோர் உடம்பு தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உணவில் கொலஸ்டிரால் கூடாது என்று பல ஆண்டுகள் மிரட்டி வந்த அமெரிக்க உணவு வழிகாட்டியே, 2015-ல் அந்த வரம்பை ஓசைப்படாமல் எடுத்துவிட்டது. சர்க்கரை வியாதியோ, ஏற்கெனவே உயர்ந்த எல்.டி.எல்.லோ இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தினம் ஒரு முழு முட்டையால் குடி முழுகிவிடாது. மஞ்சள் கருவை எறிந்துவிட்டு, வெள்ளைக் கருவோடு நான்கு பூரிகளையும் மருமகள் பரிமாறுகிறாளா என்பதைத் தெரிவித்தால், பகை விஷயத்தைப் பற்றிப் பிறகு தீர்மானிக்கலாம்.

கேள்வி: நான் ரயில்வேயில் கார்டாக இருந்தவன். வடக்கே எங்கள் சகாக்கள் ரொட்டியில் நெய்யை ஊற்றிச் சாப்பிட்டும் திடமாக இருந்தார்கள். எண்ணெயில் தாளித்துச் சாப்பிட்ட நம்மவர்கள்தான் சர்வீஸில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இது என் பிரமையா?
(ரேணிகுண்டா)

பதில்: பிரமையல்ல, பிரசுரமான ஆராய்ச்சி. உங்கள் இலாகாவிலேயே பெரிய மருத்துவ அதிகாரியாக இருந்த டாக்டர் எஸ். எல். மல்ஹோத்ரா, 1958 முதல் 1962 வரை ரயில்வே ஊழியர்கள் சுமார் பதினொன்றரை லட்சம் பேரிடையே நேர்ந்த மரணங்களின் பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, யார் எங்கே எதனால் இறந்தார் என்று பொறுமையாகக் கணக்கெடுத்து, 1967-ல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார். தென்னிந்திய ஊழியர்களிடையே இருதய நோய் மரணம் வட இந்தியரைக் காட்டிலும் ஏழு மடங்கு; இறந்த சராசரி வயது தெற்கே 44, வடக்கே 52. வடக்கத்தியர் உண்ட கொழுப்போ நம்மவர் உண்டதைப் போலப் பன்மடங்கு. அதுவும் பெரும்பாலும் பாலும் தயிரும் நெய்யுமாக. புகைப்பதிலும் அவர்கள் நமக்குச் சளைத்தவர்களாக இல்லை.

இதைப் படித்தவுடன் நெய் ஜாடியைத் தேடி எழுந்திருக்க வேண்டாம், மிச்சத்தையும் கேளுங்கள். மரணப் பதிவு என்பது ஒருவர் எப்படி இறந்தார் என்பதைச் சொல்லுமே தவிர, எப்படி வாழ்ந்தார் என்பதை முழுவதும் சொல்லாது. வடக்கும் தெற்கும் நெய்யில் மட்டுமா வேறுபட்டன? ஒருவன் மெல்ல வேண்டிய ரொட்டியைத் தின்றான். மற்றவன் மெல்லாமலே இறங்கும் சோற்றைத் தின்றான். மல்ஹோத்ராவே மெல்லுவதையும் நார்ச்சத்தையும் தயிரையும் காரணங்களாக ஊகித்தாரேயன்றி, நெய்க்கு நற்சான்றுப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடவில்லை. மேலும், காலமும் சும்மா இருக்கவில்லை. முன்னே சொன்ன 2023-ஆம் ஆண்டு ஆய்வில், ரத்த அழுத்தத்தில் தேசத்திலேயே முதல் ஸ்தானம் வகிப்பது பஞ்சாப்: நூற்றுக்கு 51.8. ரொட்டி அப்படியே இருக்கிறது, நெய்யும் இருக்கிறது. ஏர் பிடித்த கைதான் டிராக்டருக்குப் போய்விட்டது. நெய்யிலுள்ள கொழுப்பில் பாதிக்கு மேல் எல்.டி.எல்.லை ஏற்றும் ஜாதி. பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி விட்டுக்கொள்வது ருசி; கரண்டியால் ஊற்றிக்கொள்வது துணிச்சல்.

கேள்வி: கடலை எண்ணெய்ப் பாக்கெட்டில் 'கொலஸ்டிரால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே?
(புத்தூர்)

பதில்: செடியில் விளையும் எந்த எண்ணெயிலும் சொல்லத்தக்க கொலஸ்டிரால் கிடையாது. 'இந்த எண்ணெயில் எலும்பு இல்லை' என்றும் அதே எழுத்தில் அச்சடிக்கலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது அளவையும், பஜ்ஜிக் கடைச் சட்டியில் அதே எண்ணெய் எத்தனையாவது முறை கொதிக்கிறது என்பதையும்தான். வனஸ்பதியில் பதுங்கியிருந்த டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் கூடாது என்று சர்க்கார் 2022 முதல் சட்டம் செய்துவிட்டது. அச்சட்டம் எல்லாச் சட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதா என்பதை மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: என் கணவர் ஒல்லி. வயிறு மட்டும் கொஞ்சம் முன்னே வந்திருக்கிறது. ஒல்லியானவர்களுக்குக் கொழுப்பு இராது என்று அவர் டாக்டரிடம் போக மறுக்கிறார். தாங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்.
(ஓர் இல்லத்தரசி, நகரி)

பதில்: அம்மா, தங்கள் கணவருக்குப் புத்தி சொல்லத் தகுதி வாய்ந்தவர் புனாவில் இருக்கிறார். டாக்டர் சி. எஸ். யாஜ்னிக் என்ற நிபுணரும், அவருடைய ஆங்கிலேய நண்பர் டாக்டர் ஜான் யுட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட ஒரு படம் 2004-ல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்தது. இருவரும் பார்வைக்கு ஒல்லி. உயரத்துக்கேற்ற எடை என்று வைத்தியர்கள் போடும் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் தேகத்திலுள்ள கொழுப்பை யந்திரம் வைத்து அளந்தபோது ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2! மருத்துவ உலகில் அநேகமாக வேறெந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாக இந்தியனை அம்பலப்படுத்தியதில்லை. கை கால்கள் மெலிந்து, தசை குறைந்து, கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள்ளே ஈரலைச் சுற்றி அடைக்கலம் புகுந்திருப்பது நம் தேசத்து உடல்வாகு. அந்த உள்வயிற்றுக் கொழுப்புதான் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் முரண்டு செய்து, சர்க்கரையையும் டிரைகிளிசரைடையும் ரத்த அழுத்தத்தையும் ஒருங்கே ஏற்றிவிடுகிறது. இவை தனித்தனி வியாதிகள் அல்ல, ஒரே குடும்பம் என்று 1988-ல் அமெரிக்காவில் ஜெரால்டு ரீவன் எடுத்துச் சொன்னார்.

ஆகையால் தராசை விட்டுவிட்டு, தையற்காரரின் அளவு நாடாவை எடுங்கள். நம்மவர்களுக்கு ஆண்கள் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 என்பது எல்லை. அளக்கும்போது அவர் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வார். நீங்கள் அவசரப்படாமல் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள். பதில் சொல்ல வேண்டியிருக்கும் மனிதன் மூச்சை விட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது அளந்துவிடுங்கள்.

கேள்வி: இருதய நோய் பட்டணத்துப் பணக்காரர் நோய்தானே? எங்களைப் போன்ற கிராமத்தாருக்கு ஏது?
(பலமனேருக்கு அருகிலிருந்து ஒரு விவசாயி)

பதில்: நம் ஆந்திராவிலேயே, கோதாவரி ஜில்லாக்களில் சுமார் 1,80,000 ஜனங்கள் வசிக்கும் 45 கிராமங்களில், 2003-04-ல் ஒரு வருஷ காலத்தில் நேர்ந்த மரணங்களை வீடு வீடாக விசாரித்தார்கள். இருதயமும் ரத்தக் குழாயும் சம்பந்தப்பட்ட நோய்களால் இறந்தவர்கள் நூற்றுக்கு 32. தொற்று நோய்களால் இறந்தவர்கள் 12. பணக்காரருக்கென்று நோய் தனியாக ஒதுக்கி வைத்திருந்த காலம் போய்விட்டது, ஐயா. சிகிச்சை மட்டும்தான் இன்னும் அப்படி இருக்கிறது.

கேள்வி: அரிசியை விட்டுவிட்டு ராகி சங்கடிக்கு மாறிவிட்டேன். இனி எனக்குக் கவலையில்லைதானே?
(குப்பம்)

பதில்: சங்கடி உருண்டையின் பரிமாணத்தைத் தாங்கள் எழுதவில்லை. கேழ்வரகு சிறந்த தானியம். சுண்ணாம்புச் சத்தில் அரிசி அதன் கிட்டேயும் நிற்க முடியாது. ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தார், சிறுதானியங்களைப் பற்றி அதுவரை நடந்த பரீட்சைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, அவற்றை உண்டவர்களின் மொத்தக் கொலஸ்டிரால் நூற்றுக்கு 8 பங்கு குறைந்தது என்று 2021-ல் எழுதினார்கள். எல்லாம் சரி, ஆனால் கேழ்வரகிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். அதிலே பாதி அரிசி நொய்யைக் கலந்து கிண்டி, தேங்காய் அளவு உருட்டி, நாட்டுக்கோழிப் புளுசில் தோய்த்து விழுங்கிவிட்டு, அரிசியைத் துறந்தேன் என்று சொல்லிக்கொள்வது சந்நியாசமாகாது.

குன்னூரில் சர் ராபர்ட் மக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர், நம் தேசத்தின் பல ஜாதியார் ஆகாரங்களையும் எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் ஆகாரத்தைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று முதலில் நின்றன. அரிசியே பிரதானமான சென்னை மாகாண ஆகாரத்தைத் தின்ற எலிகள் வரிசையின் கடைசிப் பக்கத்தில் நின்றன. தானியத்தைக் காட்டிலும் தானியத்தோடு என்ன இருந்தது என்பதே அங்கே வித்தியாசம். உருண்டையைப் பாதியாக்கி, பருப்பையும் கீரையையும் இரட்டிப்பாக்குங்கள். வெல்லத்தைப் பற்றியும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். சித்தூர் வெல்லத்தின் மணத்துக்கு நான் அடிமை. ஈரலுக்கு மணம் தெரியாது, சர்க்கரை மட்டுமே தெரியும்.

கேள்வி: இங்கிலீஷ் மாத்திரை வேண்டாம், குக்குலு சாப்பிடு என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர். ஆயுர்வேதத்தில் ஆதாரம் உண்டா?
(ஸ்ரீகாளஹஸ்தி)

பதில்: ஆதாரம் உண்டு, அதற்கு ஒரு கதையும் உண்டு. சுசுருத ஸம்ஹிதையில் மேதோரோகம் என்று சொல்லப்படும் கொழுப்பு வியாதிக்குக் குக்குலுப் பிசின் மருந்தாகக் கூறப்பட்டிருப்பதைக் கண்ட டாக்டர் ஜி. வி. சத்தியவதி என்ற அம்மையார், காசி ஹிந்து சர்வகலாசாலையில் முயல்களின்மேல் அதைப் பரீட்சித்து, அவற்றின் ரத்தக் கொழுப்பு குறைவதாக 1966-ல் தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் நிலைநாட்டினார். பழைய சுவடியைப் பூஜையறையில் வைத்துக் கற்பூரம் காட்டாமலும், பரணில் எறிந்துவிடாமலும், சோதனைச் சாலைக்குக் கொண்டுபோன அந்த மனப்பான்மையை நான் எத்தனை புகழ்ந்தாலும் தகும். அதன் பயனாக 1980-களில் அது நம் தேசத்தில் முறைப்படி அங்கீகாரம் பெற்ற மருந்தாகவும் விற்பனைக்கு வந்தது.

பிறகு 2003-ல் அமெரிக்காவில், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாதபடி எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களின் எல்.டி.எல். சற்றுக் குறைந்தது, குக்குலு சாப்பிட்டவர்களுக்கு நூற்றுக்கு 4, 5 பங்கு ஏறிவிட்டது. சிலருக்குத் தோலில் தடிப்பும் உண்டாயிற்று. உண்பவர் வேறு, உணவு வேறு, ஆகையால் முடிவும் வேறாயிற்று என்று வாதிக்க இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை உங்கள் ரத்தக் குழாய்க்குள் நடத்திப் பார்க்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். ஸ்டாடின் என்ற அந்த இங்கிலீஷ் மாத்திரையை வெறுப்பதற்கு முன்னால் அதன் பிறப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, கடைசியில் கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் பூத்திருந்த பூஞ்சையிலிருந்துதான் முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தார். சோறு செய்த தீங்குக்கு அரிசியே பிராயச்சித்தம் செய்தது என்று பெரியவரிடம் சொல்லுங்கள், ஒருவேளை சமாதானமடைவார்.

கேள்வி: மாதம் இரண்டு ஏகாதசி உபவாசம் இருக்கிறேன். கொழுப்பு குறையவில்லையே?
(திருப்பதி)

பதில்: உபவாசத்தன்று உப்புமா எத்தனை வேளை?

கேள்வி: அலிபிரியிலிருந்து படியேறி மலைக்குப் போனால், பிரசாத லட்டின் கணக்கு நேராகிவிடுமா?
(திருப்பதி கல்லூரி மாணவர்)

பதில்: பகவானுடைய கணக்கு எனக்குத் தெரியாது, பௌதிக சாஸ்திரத்தின் கணக்கைச் சொல்கிறேன். திருப்பதிக்கும் திருமலைக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 700 மீட்டர். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் தம்மைத் தாமே அவ்வளவு உயரம் தூக்கிச் செல்லும் வேலை சுமார் 115 கலோரி. தசைகள் செலவிடும் சக்தியில் கால் பங்குதான் வேலையாக மாறுமாதலால் அதை நான்கால் பெருக்கி 460 என்று கொள்ளுங்கள். ஒன்பது கிலோமீட்டர் பாதை, 3,550 படி, இடையிடையே சமதளம்; நடைக்கென்று மேலும் 300 தாராளமாகச் சேர்க்கலாம். ஆகமொத்தம் 760. கடலை மாவும் சர்க்கரையும் நெய்யும் முந்திரியும் கற்கண்டும் ஏலக்காயும் சேர்ந்த 175 கிராம் லட்டு ஒன்றில் என் கணக்குக்கு ஏறக்குறைய அவ்வளவே தேறும். ஒரு ஏற்றத்துக்கு ஒரு லட்டு சரிக்குச் சரி. ஏறிய மறுநாள் டிரைகிளிசரைடும் சற்று இறங்கியிருக்கும். ஆனால், தம்பி, ஒரே ஒரு லட்டுடன் மலையிறங்கியவர் எவரும் உண்டா? அதனால்தான் பெரியவர்கள் பிரசாதத்தை விண்டு தெருவெல்லாம் கொடுத்தார்கள் போலும்.

கேள்வி: என் அண்ணன் ஒல்லியானவர், வயிறும் இல்லை, புகை, மது கிடையாது, சர்க்கரை இல்லை. 42 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். இத்தனை ஒழுங்காக இருந்தவருக்கு ஏன்?
(திருப்பதி)

பதில்: தங்கள் கடிதத்துக்கு விளையாட்டாகப் பதில் எழுத மனம் வரவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்று இங்கிருந்து சொல்வது தகாது. ஆனால் இத்தகைய குடும்பங்களில் மருத்துவர்கள் தேடிப் பார்க்கும் ஒன்றைச் சொல்ல முடியும். லிப்போபுரோட்டீன் ஏ என்று ஒரு கொழுப்புத் துகள் இருக்கிறது. ஆஸ்லோவில் கோரே பெர்க் என்பவர் 1963-ல் கண்டுபிடித்தது. வழக்கமான பரிசோதனைச் சீட்டில் அது இடம்பெறுவதில்லை. தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். அது தாய் தந்தையரிடமிருந்து வரும் சொத்து. சோற்றைக் குறைத்தாலும் மலையேறினாலும் அநேகமாக மாறுவதில்லை. தெற்காசியரிடம் அது உயர்ந்திருப்பது சற்று அதிகம். ஒவ்வொருவரும் ஆயுளில் ஒரு முறையாவது அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்திய இருதய மருத்துவர் சங்கத்தார் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறார்கள். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், எல்.டி.எல்.லையும் ரத்த அழுத்தத்தையும் மற்றவர்களைக் காட்டிலும் கண்டிப்பாகக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். அவ்விரண்டையும் இறக்க மருந்துகள் இருக்கின்றன.

நீங்களும், உங்கள் உடன்பிறந்தவர்களும், அண்ணனுடைய பிள்ளைகளும் இம்மாதத்துக்குள் ஒரு முறை அதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டிய அவசியமில்லை.